வெற்றிப் பட்டியலில் விடுபட்ட பெயர்கள்



இலக்கணக் குறிப்புகளையும் கட்டுரைப் பயிற்சிகளையும் எதிர்பார்த்து இப்பக்கத்திற்கு வருவோர் இன்று சற்றே வியப்படையக்கூடும். தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் அமெரிக்கக் கன்ட்ரி இசைக்கும் என்ன உறவு என்று சிலர் வினவுவீர்கள். எங்கள் தலைமுறையில் ஆங்கிலப் பள்ளியில் படித்த மாமன்மார், சித்தப்பாமார் வீடுகளில் ஜிம் ரீவ்ஸின் இசைத்தட்டு ஒன்றாவது இருந்தது என்பதே என் முதல் விடை. தென்னாசியாவெங்கும் அவருக்குப் பெருங்கூட்டமாக நேயர்கள் இருந்தார்கள். 1964ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தம் நாற்பதாம் அகவையில், தாமே ஓட்டிச் சென்ற சிறு வானூர்தி விழுந்து அவர் மறைந்தார். அந்தச் செய்தியை ஒரு குடும்பத் துயரம் போலச் சொல்லக்கூடிய பெரியவர்களை நான் அறிவேன். ஆகவே அயலார் சரக்கு என்று எவரும் ஒதுக்க வேண்டா.

நான் எழுத வந்தது வேறொன்று. 1940களிலிருந்து 1960களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் வெற்றிவாகை சூடிய கன்ட்ரிப் பாடல்களைப் பற்றிப் பேசுவோர் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சாரார், அவை குடித்துவிட்டுப் புலம்புவோரின் பாட்டு என்று முகஞ்சுளிக்கின்றனர். மறு சாரார், அவை கலப்பில்லாத வெள்ளை உழவரின் தூய குரல் என்று போற்றுகின்றனர். முதற்கட்சியாரோடு எனக்கு வழக்கில்லை. பாட்டைக் கேட்டால் அவர்கள் மனம் மாறக்கூடும். இரண்டாம் கட்சியாரோடுதான் எனக்கு வழக்கு. அவர்கள் போற்றுகின்ற அந்தத் 'தூய்மை', இசைத்தட்டு வணிகர்கள் கட்டிய கற்பனை. அந்தக் கற்பனைக்காகச் சில மனிதர்களின் பெயர்கள் அழிக்கப்பட்டன. இவ்விரண்டையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னதாகச் சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. 'நாட்டுப்புற இசை' என்று தமிழாக்கம் செய்யாமல் 'கன்ட்ரி இசை' என்றே எழுதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இராது. அது ஊராரின் உடைமை. கன்ட்ரி வெற்றிப் பாடலுக்கோ ஆசிரியர் உண்டு, பதிப்பகம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, உரிமைத் தொகை உண்டு. நாட்டுப்புறப் பாட்டைப் போல் ஒலிக்கவேண்டும் என்று திட்டமிட்டு, நகரத்தில் அமர்ந்து, காசுக்கு எழுதப்பட்ட பாட்டு அது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. சங்கப் புலவர்களும் பரிசில் பெற்றுத்தான் பாடினார்கள்.

பிரிவினை எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். 1920களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் தென்மாநிலங்களுக்குச் சென்று பாடகர்களைப் பதிவுசெய்தன. விற்பனைப் பட்டியல் அச்சிடும்போது, கறுப்பினத்தார் பாடியவற்றை 'ரேஸ்' தட்டுகள் என்றும், வெள்ளையர் பாடியவற்றை 'ஹில்பில்லி' தட்டுகள் என்றும் இரண்டாக வகுத்தன. ஒரே ஊரில், ஒரே விருந்தில், ஒரே மெட்டை வாசித்த இருவர் இருவேறு பட்டியலுக்குப் போனார்கள். கடைத் தட்டில் பிறந்த இந்தப் பிரிவினையைப் பிற்காலத்தார் இசையின் இயல்பென்றே நம்பத் தலைப்பட்டனர்.

பில்போர்டு இதழ் 1944ஆம் ஆண்டு சனவரியில், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளில் அதிகம் ஒலித்த 'ஃபோக்' தட்டுகளின் வாராந்தரப் பட்டியலை வெளியிடத் தொடங்கிற்று. 1949இல் 'கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன்' என்னும் பெயர் அப்பட்டியலுக்கு வந்தது. 1958இல் தனித்தனிப் பட்டியல்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. நாம் இன்று 'அக்காலத்து வெற்றிப் பாடல்கள்' என்று சொல்வதெல்லாம் இந்தப் பட்டியல்கள் நமக்கு விட்டுச்சென்றவையே. பட்டியலில் பாடகர் பெயர் இருக்கும், தட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும். பாடகருக்குக் கற்பித்தவர் பெயர் இராது.

அவ்வாறு இல்லாமற்போன பெயர்களுள் ஒன்று ரூஃபஸ் பெய்ன். அலபாமா மாநிலத்தில் ஜார்ஜியானா, கிரீன்வில் என்னும் சிற்றூர்களின் தெருக்களில் கிதார் வாசித்துச் சில்லறை பெற்ற கறுப்பினக் கலைஞர் அவர். மக்கள் அவரை 'டீ டாட்' என்று அழைத்தனர். 1930களில் ஒரு மெலிந்த வெள்ளைச் சிறுவன் அவர் பின்னாலேயே திரிந்து பாடம் கேட்டான். அச்சிறுவன்தான் ஹாங்க் வில்லியம்ஸ். தாம் பெற்ற இசைப் பயிற்சி பெய்னிடமிருந்தே வந்தது என்று ஹாங்க் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த அளவில் அவர் நன்றி மறவாதவர். ஆனால் பெய்ன் 1939இல் மாண்ட்கமரி நகரில் வறியவராக இறந்து, பெயர்க்கல் இல்லாத இடத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். மாணாக்கர் புகழின் உச்சியை எட்டியதோ அதற்குப் பத்தாண்டுகள் கழித்து.

அந்த உச்சியைத் தொட்ட கதையும் சுவையானது. ஹாங்கின் முதல் பெருவெற்றி 'லவ்சிக் புளூஸ்'. 1948 டிசம்பரில் சின்சினாட்டியில் பதிவானது. 1949இல் பதினாறு வாரங்கள் பட்டியலின் தலைமையிடத்தில் நின்றது. அப்பாடலை நாஷ்வில் நகரின் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் 1949 சூனில் பாடியபோது அவையோர் அவரை மீண்டும் மீண்டும் பாடவைத்தார்கள். தென்னாட்டு மண்ணிலிருந்து முளைத்த பாட்டு என்றே கேட்டவர்கள் எண்ணியிருப்பர். உண்மையில் அது 1922இல் கிளிஃப் ஃபிரெண்ட் மெட்டமைக்க, இர்விங் மில்ஸ் சொல்லெழுத, நியூயார்க்கின் நாடகப் பாட்டுத் தொழிலில் பிறந்தது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தாரைப் போல் நடித்த எம்மட் மில்லர் என்னும் வெள்ளைப் பாடகர் 1920களில் அதைத் தட்டில் பாடினார். ரெக்ஸ் கிரிஃபின் 1939இல் மாற்றிப் பாடினார். அதன் பிறகே ஹாங்கிடம் வந்தது. பதிப்பாளர் ஃபிரெட் ரோஸுக்கு அப்பாட்டு பிடிக்கவேயில்லை. நகரத்து நாடகம், கரிபூசிய கோமாளி, தெருக் கலைஞரிடம் கற்ற புளூஸ் நடை, மலைநாட்டு யோடல் குரல் ஆகிய நான்கும் கூடிய கலவையைத்தான் 'தூய கன்ட்ரி' என்று நம் அன்பர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஹாங்க் வில்லியம்ஸ் தாமே எழுதிய பாடல்கள் பற்றி ஓர் ஆசிரியனாகச் சில சொற்கள் சொல்லத்தான் வேண்டும். 'கோல்ட், கோல்ட் ஹார்ட்', 'யுவர் சீட்டின் ஹார்ட்', 'ஐயம் ஸோ லோன்ஸம் ஐ குட் கிரை' ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் சொற்களுள் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளி மாணவனுக்கும் விளங்கும். கடினமான சொல்லாட்சி இல்லை. கடைசியாகச் சொன்ன பாட்டில் தனிமை என்பதை அவர் விளக்குவதில்லை. இரவுப் பறவையையும் தொலைவில் செல்லும் தொடர்வண்டியையும் நிலவையும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். முதல், கரு, உரி என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோமே, அம்முறையில் இதைப் படிக்கலாம். நிலமும் பொழுதும் உயிரினமும் பேச, உரிப்பொருள் தானே விளங்கிவிடுகிறது. அவர் சங்கப்பாட்டைப் படித்திருக்க மாட்டார் என்பது தெளிவு. 1953ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், ஓகையோ மாநிலத்துக் கேன்டன் நகருக்கு நிகழ்ச்சிக்குச் செல்லும் வழியில், மகிழுந்தின் பின்னிருக்கையிலேயே உயிர் நீத்தார். அகவை இருபத்தொன்பது. 'யுவர் சீட்டின் ஹார்ட்' தட்டு அவர் இறந்த பிறகே கடைக்கு வந்து முதலிடம் பெற்றது.

இரண்டாவது பெயர் டிஃபோர்ட் பெய்லி. இவர் கதையைக் கேட்டபின் கிராண்ட் ஓல் ஓப்ரி என்னும் பெயரைக் குறுகுறுப்பின்றி உச்சரிக்க என்னால் இயலவில்லை. டென்னசியில் 1899இல் பிறந்தவர். இளமையில் இளம்பிள்ளைவாதம் தாக்கியதால் உடல் வளர்ச்சி குன்றியவர். மவுத்தார்கன் என்னும் சிறு கருவியில் தொடர்வண்டி ஓடும் ஓசையை அப்படியே எழுப்பக்கூடியவர். 1927 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் செவ்வியல் இசை நிகழ்ச்சி முடிந்ததும், அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே வேடிக்கையாக, இதுவரை 'கிராண்ட் ஓபரா' கேட்டீர்கள், இனி 'கிராண்ட் ஓல் ஓப்ரி' கேட்பீர்கள் என்னும் பொருள்படப் பேசினார். அப்போது வாசித்தவர் பெய்லி. வாசித்தது ஒரு தொடர்வண்டியின் பெயர் கொண்ட 'பேன் அமெரிக்கன் புளூஸ்'. கன்ட்ரி இசையின் கோயில் என்று கருதப்படும் அவ்வரங்கத்திற்குப் பெயர் சூட்டப்பட்ட வேளையில் இசைத்தவர் ஒரு கறுப்பினத்தார்.

பெய்லி பதினான்கு ஆண்டுகள் அந்நிகழ்ச்சியில் வாசித்தார். வெளியூர்ப் பயணங்களில் வெள்ளைக் கலைஞர்கள் தங்கிய விடுதிகளில் அவருக்கு இடம் தரமாட்டார்கள். அவர் பெயரைப் போட்டுத்தான் கூட்டம் சேர்த்தார்கள் என்பதையும் நினைவிற் கொள்க. 1941இல் பாடல் உரிமைச் சங்கங்களுக்கும் வானொலி நிலையங்களுக்கும் பூசல் மூண்டது. பழைய சங்கமாகிய ஆஸ்காப்பிடம் உரிமையுள்ள பாடல்களை ஒலிபரப்பக்கூடாது என்று நிலையங்கள் தடுத்தன. பெய்லியின் புகழ்பெற்ற உருப்படிகள் அவற்றுள் அடங்கும். புதியன கற்கவில்லை என்று குற்றஞ்சாட்டி அவரை நீக்கினர். பிறகு நாஷ்வில்லில் காலணி துடைக்கும் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தது 2005இல். மன்றம் தம் முதல் மூவரைச் சேர்த்தது 1961இல். இடையில் எத்தனை ஆண்டுகள் என்று என் மாணவர்களே கணக்கிட்டுச் சொல்வார்கள்.

அதே 1941ஆம் ஆண்டுப் பூசலால் மற்றவர்களுக்கு விளைந்தது நன்மை. ஆஸ்காப்புக்கு மாற்றாக வானொலியார் அமைத்த பி.எம்.ஐ. என்னும் புதிய சங்கம், பழைய சங்கம் கதவடைத்திருந்த தென்னாட்டுப் பாடலாசிரியர்களை வரவேற்றது. 1942இல் ராய் ஏகஃபும் ஃபிரெட் ரோஸும் நாஷ்வில்லில் ஒரு பதிப்பகம் தொடங்கினர். ஹாங்க் வில்லியம்ஸின் பாடல்கள் அங்குதான் பதிப்பாயின. நாஷ்வில் பாட்டுத் தொழில் நகரமானதற்கு இது பெருங்காரணம். ஒரே கதவு சிலருக்குத் திறந்து பெய்லிக்கு மூடியது.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது கிட்டி வெல்ஸையே முதலில் சொல்ல வேண்டும். 1952இல் ஹாங்க் தாம்சன் பாடிய 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' பதினைந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. மணவாழ்வைத் துறந்து மதுக்கூடங்களை நாடிய பெண்ணைப் பழிக்கும் பாட்டு அது. அதற்கு மறுமொழியாக ஜே. டி. மில்லர் என்பவர் 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்' என்னும் பாட்டை எழுதினார். பெண் வழிதவறினாள் என்றால் அவளை ஏமாற்றிய ஆண் எங்கே என்பதே அதன் வாதம். மூன்று பிள்ளைகளுக்குத் தாயான கிட்டி வெல்ஸ், பாட்டுத் தொழிலை விட்டுவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில், 1952 மே மாதம் அதைப் பதிவுசெய்தார். பதிவுக்கான சங்கக் கூலி 125 வெள்ளி கிடைக்குமே என்றுதான் ஒப்புக்கொண்டார் என்பர். அமெரிக்க வெள்ளிதான், நம் வெள்ளியன்று.

என்.பி.சி. வானொலி அப்பாட்டைத் தகாதது என்று தடுத்தது. ஆண் பாடிய மூலப்பாட்டுக்கு அத்தகைய தடை இல்லை. மக்கள் தட்டை வாங்கினார்கள். ஆறு வாரங்கள் முதலிடம். தனிப்பாடகியாக ஒரு பெண் பில்போர்டு கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. பெண்களின் தட்டு விற்காது என்று சொல்லிவந்த நிறுவனங்கள் அதன் பிறகு பாடகிகளைத் தேடத் தொடங்கின. இப்பாட்டைப் புரட்சிப் பாட்டென்று மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. எழுதியவர் ஆண், கிட்டியும் அடக்கமான இல்லத்தரசியாகவே மேடையில் தோன்றினார். ஆயினும் குரலில் கெஞ்சல் இல்லை. நேரே நின்று வழக்குரைக்கிறார். சிலம்பைக் கையில் ஏந்திய ஒருத்தியின் நினைவு எனக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஒப்பீடு மிகை என்று தோன்றினால் தள்ளிவிடுங்கள்.

இன்னொரு செய்தி. தாம்சன் பாட்டுக்கும் கிட்டி பாட்டுக்கும் மெட்டு ஒன்றே. அதே மெட்டில் 1936இல் ராய் ஏகஃப் 'தி கிரேட் ஸ்பெக்கிள்டு பேர்டு' என்னும் சமயப் பாட்டைப் பதிவுசெய்திருந்தார். 1929இல் கார்ட்டர் குடும்பத்தார் அதே மெட்டில் ஒரு காதற்பாட்டைப் பதிவுசெய்திருந்தனர். காதலுக்கும் கடவுளுக்கும் வசைக்கும் மறுப்புக்கும் ஒரே மெட்டு. காவடிச்சிந்து மெட்டில் எத்தனை பாட்டு கட்டினார்கள் என்று அறிந்த நமக்கு இது புதிதன்று. அக்கார்ட்டர் குடும்பத்துத் தலைவர் ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகச் சென்று பாட்டுத் திரட்டியபோது, உடன் சென்று மெட்டுகளை நினைவில் இருத்திக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிதார்க் கலைஞர். கார்ட்டர் சொற்களை ஏட்டில் குறிப்பார். இவர் மெட்டைச் செவியில் குறிப்பார். தட்டில் உரிமையாளர் பெயர் ஏ. பி. கார்ட்டர். ரிடில் பெயரை உலகம் கேட்டது 1960களில்தான்.

விலைபோன பாட்டுகள் என்று தனியே ஒரு நூலே எழுதலாம். 'யூ ஆர் மை சன்ஷைன்' பாட்டை அறியாத குழந்தைப் பள்ளி இவ்வட்டாரத்தில் இருக்குமா? ஜிம்மி டேவிஸ் பெயரில் அது 1940இல் பதிவானது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டே ரைஸ் சகோதரர்கள் அதைத் தட்டில் பாடிவிட்டார்கள். டேவிஸ் அவர்களுள் ஒருவராகிய பால் ரைஸிடம் உரிமையை விலைகொடுத்து வாங்கினார். பின்னர் அப்பாட்டைப் பாடிப் பாடியே வாக்குக் கேட்டு, 1944இல் லூசியானா மாநில ஆளுநரானார். 1960இல் இரண்டாம் முறை ஆளுநரானபோது, வெள்ளைப் பிள்ளைகளோடு கறுப்பினப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கக்கூடாது என்ற கட்சியில் நின்றார். குழந்தைகளுக்குப் பாட்டு கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாட்டைக் கைவிடச் சொல்லவில்லை. பாட்டு அவருடையது அன்று என்பதுதான் மேலே நான் சொன்ன செய்தி.

வில்லி நெல்சன் கதை இன்னும் கசப்பானது. வறுமையின் காரணமாக 'ஃபேமிலி பைபிள்' என்னும் பாட்டை ஐம்பது வெள்ளிக்கும், 'நைட் லைஃப்' என்னும் பாட்டை நூற்றைம்பது வெள்ளிக்கும் விற்றுவிட்டார். முதலாவது 1960இல் கிளாட் கிரே குரலில் வெற்றி பெற்றபோது, தட்டில் எழுதியவராக நெல்சன் பெயர் இல்லை. நல்வாய்ப்பாக அவர் நீண்டநாள் வாழ்ந்து, தம் பாட்டுத் தம்முடையதென்று உலகறியச் செய்துகொண்டார். 'கிரேஸி' பாட்டை அவர் விற்காமல் வைத்திருந்தது நம் பேறு. அதை 1961 ஆகத்தில் பாட்சி கிளைன் பதிவுசெய்யச் சென்றபோது, இரண்டு மாதங்களுக்கு முன் நேர்ந்த மகிழுந்து விபத்தின் காயம் ஆறவில்லை. விலா எலும்பின் வலியால் உயர்ந்த சுரங்களை எட்ட முடியவில்லை. பக்க இசையை மட்டும் பதிந்துகொண்டு அனுப்பிவிட்டார்கள். சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்து பாடிமுடித்தார். தாளத்திற்குச் சற்றே பின்தங்கி, சொல்லை இழுத்து வைக்கும் நெல்சனின் போக்கு அவருக்கு முதலில் ஒவ்வவில்லையாம். அவர் அந்தப் போக்கைத் தம் வழியில் மாற்றிக்கொண்டார். வயலினும் குழுக்குரலும் சேர்த்து மெருகூட்டிய இந்த 'நாஷ்வில் ஒலி'யைத் தூய்மைவாதிகள் இன்றும் கண்டிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'கிரேஸி'யை ஒருமுறை முழுவதும் கேட்ட பிறகும் கண்டிப்பவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. பாட்சி கிளைன் 1963 மார்ச்சில் வானூர்தி விபத்தில் இறந்தார். அகவை முப்பது.

இனி நான் அதிகம் நின்று பேச விரும்பும் பாட்டுக்கு வருகிறேன். 'சிக்ஸ்டீன் டன்ஸ்'. பதினாறு டன் நிலக்கரி. மெர்ல் டிராவிஸ் என்பார் 1946இல் பதிவுசெய்து, அடுத்த ஆண்டு வெளிவந்தது. கென்டக்கி மாநிலத்து மூலன்பர்க் வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன் அவர். சுரங்க நிறுவனங்கள் அக்காலத்தில் கூலியைப் பல இடங்களில் நாட்டு நாணயமாகத் தராமல், தாமே அடித்த வில்லைகளாகத் தந்தன. அவ்வில்லை நிறுவனத்தின் கடையில் மட்டுமே செல்லும். கடையில் வைத்ததே விலை. வீடும் நிறுவனத்தினுடையது. கருவிக்கும் கடன். ஆகவே எவ்வளவு கரி அள்ளினாலும் கணக்கேட்டில் கடனே மிஞ்சும். செத்தாலும் கடை விடாது போலும் என்று நகைச்சுவையாகச் சொல்வதுபோல் தொடங்கி, கேட்பவரின் அடிவயிற்றைக் கலக்குகிற பாட்டு அது. சொற்களின் ஊற்றுக்கண் தம் தந்தையின் பேச்சும் தமையன் எழுதிய கடிதமும் என்று டிராவிஸ் சொல்லியிருக்கிறார். எழுதப்பட்ட பாட்டுதான், ஆனால் அதன் மூலப்பொருளை ஈந்தவர்கள் வீட்டார்.

எங்கள் பள்ளி ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த பள்ளி. தோட்டத்துக் கடையில் கணக்கு எழுதி, சம்பளநாளில் கழித்துக்கொண்ட காலத்தை எங்கள் முதியோர் இன்றும் சொல்வார்கள். கங்காணியிடம் பட்ட கடனோடு கப்பலேறி வந்தோரின் பேரப்பிள்ளைகள் நாங்கள். சுரங்கம் வேறு, பால்மரம் வேறு. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்பின் அறியாத ஒரு கென்டக்கித் தொழிலாளியின் கடன் கணக்கு, ஆறாம் ஆண்டு மாணவருக்கு எந்த விளக்கமுமின்றிப் புரிந்துவிட்டது என்பதை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். "சார், இது எங்க தாத்தா கதை மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். அதற்கு மேல் பாடக்குறிப்பு எழுத எனக்கு ஒன்றுமில்லாமற்போயிற்று.

டிராவிஸ் பாடியபோது அது பெரிதாக ஓடவில்லை. 1955இல் டென்னசி எர்னி ஃபோர்டு, விரல் சொடுக்கையே தாளமாகக் கொண்டு, ஆழ்ந்த குரலில் பாடினார். தட்டின் பின்பக்கத்தில்தான் அதைப் போட்டிருந்தார்கள். வானொலியார் தட்டைப் புரட்டினர். ஒரு மாதத்திற்குள் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. கன்ட்ரிப் பட்டியலில் பத்து வாரங்கள், பொதுப் பட்டியலில் எட்டு வாரங்கள் முதலிடம். பின்பக்கத்துப் பாட்டுகளின் வெற்றியே தனிக்கதை: 1950இல் பாட்டி பேஜ் பாடிய 'டென்னசி வால்ட்ஸ்' ஒரு கிறித்துமசு வேடிக்கைப் பாட்டின் பின்பக்கம்; டான் கிப்சன் எழுதிய 'ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ' முதலில் இன்னொரு பாட்டின் பின்பக்கம். எது விற்கும் என்று வணிகர்களுக்குத் தெரியும் என்பதை நம்புவோர் இதையும் கருதுக. 'டென்னசி வால்ட்ஸ்' பாட்டுக்கு மெட்டமைத்த பீ வீ கிங் போலந்து மரபினர். அவர் இயற்பெயரே குசின்ஸ்கி. மீண்டும் தூய்மைக்கு ஓர் அடி.

மேற்சொன்ன கிப்சன் பாட்டைத்தான் 1962இல் ரே சார்ல்ஸ் பாடினார். தம் புளூஸ், ஜாஸ் நேயர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று பலர் எச்சரித்தும், கன்ட்ரிப் பாடல்களைக் கொண்டே ஒரு முழுத் தொகுப்பு வெளியிட்டார். பொதுப் பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடம். கன்ட்ரிப் பட்டியலிலோ அவர் குரலில் அப்பாட்டுக்கு இடமில்லை. பாட்டு கன்ட்ரி, எழுதியவர் கன்ட்ரி, தொகுப்பின் தலைப்பிலேயே கன்ட்ரி. பாடியவர் மட்டும் கறுப்பர். கன்ட்ரி இசைப் புகழ்மன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தது 2021இல், அவர் இறந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின்.

பழங்கதையை ஏன் கிளறுகிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்னும் இளைஞரின் 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டைக் கன்ட்ரிக் கூறுகள் போதவில்லை என்று சொல்லி அதே பில்போர்டு தன் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2024இல் பியான்ஸே அப்பட்டியலில் முதலிடம் பெற்றபோது, அவ்விடத்தைப் பெற்ற முதற் கறுப்பினப் பெண் என்று உலகம் செய்தி வெளியிட்டது. ஒரு பட்டியல் எண்பது ஆண்டுகள் கழித்து இதைச் செய்தியாக்க வேண்டியிருந்தது.

தனித்தமிழ்ப் பற்றுடைய நான் இசையில் மட்டும் கலப்பை ஆதரிப்பது முரண் அன்றோ என்று நண்பர் ஒருவர் முன்பே கேட்டுவிட்டார். மொழியில் நான் கடன்சொல்லைத் தவிர்ப்பது, இருக்கும் தமிழ்ச்சொல் மறக்கப்படக்கூடாது என்பதற்காக. கன்ட்ரித் தூய்மைவாதி செய்தது இதற்கு நேர்மாறு. அவர் இருந்தவர்களை மறக்கச் செய்தார். கடன் வாங்கிய சொல்லுக்குக்கூட அகராதி பிறப்பிடம் குறிக்கிறது. டீ டாட்டுக்கு அவ்வளவுகூடக் கிடைக்கவில்லை. இந்த விடை நண்பருக்கு நிறைவளிக்கவில்லை. வழக்கு தொடர்கிறது.

கேட்க விரும்புவோருக்கு ஒரு பரிந்துரை. இவை யாவும் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. முதலில் பெய்லியின் 'பேன் அமெரிக்கன் புளூஸ்' கேளுங்கள். பாட்டில்லை, வண்டி மட்டும் ஓடும். அடுத்து ஹாங்கின் 'லவ்சிக் புளூஸ்'. பிறகு தாம்சனையும் கிட்டி வெல்ஸையும் ஒன்றன்பின் ஒன்றாக. 'சிக்ஸ்டீன் டன்ஸ்' மட்டும் முதலில் டிராவிஸ் குரலிலும், பின் ஃபோர்டு குரலிலும் கேளுங்கள். டிராவிஸ் தம் பதிவில் பாட்டுக்கு முன் சுரங்கத்தாரைப் பற்றிச் சற்றுப் பேசுகிறார். அதைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள்.